வாக்காளர் பதிவு: கேட்காமலே சேர்ப்பதா, அலுவலக முகப்பில் கேட்டுச் சேர்ப்பதா?

வாக்காளர் பதிவேட்டில் பெயர் ஏறுவதற்கு மூன்று வழிகளை இங்கே ஒப்பிடலாம். சிங்கப்பூரில் அடையாள அட்டைப் பதிவுகளிலிருந்து தேர்தல் துறையே பெயரை எடுத்துக்கொள்கிறது. அமெரிக்காவில் ஓட்டுநர் உரிமமும் உதவித்தொகையும் கொடுக்கும் அலுவலகங்கள், வருகிறவரைக் கேட்டுச் சேர்க்கின்றன. இந்தியாவில் குடிமக்களே படிவம் 6ஐ நிரப்பிக் கொடுக்க வேண்டும். மூன்றில் நம் சிங்கப்பூர் முறையே மேல் என்பேன். பெயரைச் சேர்ப்பது ஒருநாள் வேலை. வீடு மாறும்போதெல்லாம் அந்தப் பெயர் சரியான தொகுதியில் இருக்கிறதா என்பதுதான் ஆயுள் முழுக்கத் தொடரும் வேலை. ஒரு முறை நல்லதா என்பதை முகவரியை வைத்தே முடிவுசெய்ய வேண்டும்.

இந்திய முறையில் ஊர் மாறினால் படிவம் 8 கொடுக்க வேண்டும். கொடுக்க மறந்தவர் பெயர் பழைய தெருவிலேயே கிடக்கும், அல்லது வீடு தேடி வரும் அலுவலர் ஆளைக் காணாமல் நீக்கப் பரிந்துரைப்பார். இந்தியக் கடப்பிதழுடன் இங்கே வேலை பார்ப்பவருக்குப் படிவம் 6ஏ உண்டு. ஆனால் வாக்களிக்கக் கடப்பிதழோடு ஊருக்கே போய் நிற்க வேண்டும்.

அமெரிக்க முறை இதைவிட நல்லது. 1993இல் இயற்றிய தேசிய வாக்காளர் பதிவுச் சட்டப்படி, ஓட்டுநர் உரிமத்துக்கான விண்ணப்பமே வாக்காளர் பதிவு விண்ணப்பமாகவும் இருக்க வேண்டும். உதவித்தொகை அலுவலகங்களும் உடற்குறையுள்ளோருக்கான சேவை அலுவலகங்களும் முதல் விண்ணப்பம், புதுப்பித்தல், முகவரி மாற்றம் என்ற மூன்று வேளையிலும் பதிவுப் படிவத்தைத் தர வேண்டும். நிரப்ப உதவி கேட்டால் உதவ வேண்டும். நிரப்பியதைப் பத்து நாளுக்குள் தேர்தல் அதிகாரிக்கு அனுப்ப வேண்டும். பதிவுக் கெடு நெருங்கிவிட்டால் ஐந்தே நாள். “வேண்டாம்” என்று சொன்னாலும் உதவித்தொகை குறையாது என்று தாளிலேயே அச்சிட்டிருக்க வேண்டும். கார் இல்லாதவர், உரிமம் எடுக்காதவர் விட்டுப்போகக் கூடாது என்று யோசித்து எழுதிய சட்டம் இது. அந்த அக்கறை எனக்குப் பிடிக்கும்.

கோளாறு முகப்பில் தொடங்குகிறது. முதல் விண்ணப்பத்தின்போது கேட்கும் ஊழியர், முகவரி மாற்ற வருகிறவரிடம் கேட்க மறந்துவிடுகிறார். தொலைபேசியிலும் இணையத்திலும் விண்ணப்பிக்கும்போது அந்தக் கேள்வியே விட்டுப்போவதுண்டு. நிரப்பிய படிவம் மேசை இழுப்பறையில் தங்கிவிட்டால், பதிந்துவிட்டோம் என்ற நம்பிக்கையில் இருப்பவருக்கு வாக்குச்சாவடியில்தான் விஷயமே தெரியும். எதிர்ப்பக்கத் தவறும் நடக்கிறது. கேட்டுச் சேர்ப்பதை விட்டு, 2016இல் முதலாவதாகத் தானாகச் சேர்க்கும் முறைக்கு மாறிய மாநிலம் ஆரிகன். அங்கே குடியுரிமைக்குச் சான்று காட்டாத ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பதிவாகியிருந்தது 2024இல் தெரியவந்தது. உரிம அலுவலகக் கணினிப் பட்டியலில் ‘அமெரிக்கக் கடப்பிதழ்’, ‘வெளிநாட்டுக் கடப்பிதழ்’ இரண்டும் இருந்தன. ஊழியர் மாற்றித் தட்டியதே ஒரு முக்கியக் காரணம். ஒரு நிரந்தரவாசிக்கு இது சின்ன விஷயமில்லை. குடியுரிமை இருப்பதாகத் தவறாகச் சொன்னார் என்று ஆகிவிட்டால் நாடு கடத்தல்வரை போகலாம்.

இங்கே, சிங்கப்பூரில், ஒருவர் குடிமகனா என்ற கேள்விக்கே முகப்பில் இடமில்லை. குடிமக்களுக்கான இளஞ்சிவப்பு அட்டையா, நிரந்தரவாசிகளுக்கான நீல அட்டையா என்பது பதிவிலேயே இருக்கிறது, யாரும் முகப்பில் தீர்மானிப்பதில்லை. குறிப்பிட்ட கெடு நாளில் 21 வயது நிறைந்த குடிமக்கள் பதிவேட்டில் ஏறுகிறார்கள். 2025 பொதுத் தேர்தலுக்கு அந்த நாள் பிப்ரவரி 1. பதிவேட்டில் இருந்தவர்கள் 2.75 மில்லியனுக்குச் சற்று மேல். அந்த ஆண்டு மார்ச் 11ஆம் தேதி தொகுதி எல்லைகள் மாறியபோதும் யாரும் படிவம் நிரப்பவில்லை. முகவரி சரியாக இருந்தால் புதிய தொகுதி தானாக வந்து சேரும்.

நமக்கிருக்கும் பொறுப்பு ஒன்றே. வீடு மாறிய 28 நாளுக்குள் குடிநுழைவு, சோதனைச்சாவடி ஆணையத்திடம் புது முகவரியைச் சொல்ல வேண்டும். அரசின் மின்னடையாளக் கணக்கான சிங்பாஸ் வழியாக உள்ளே போய் முகவரியைக் கொடுத்தால் புது வீட்டுக்கு ஒரு ரகசிய எண் கடிதத்தில் வரும். அந்த எண்ணை மறுபடி இணையத்தில் பதிந்தால்தான் மாற்றம் முடிகிறது. பலர் தடுக்கி விழுவது இந்தப் படியில்தான். புது வீட்டில் சுவரை உடைத்துக் கட்டும் வேலை நடந்துகொண்டிருக்கும், கீழ்த்தளக் கடிதப்பெட்டியை யாரும் திறப்பதில்லை, எண் காலாவதியாகிவிடும். முகவரி மாற்றியாகிவிட்டது என்று வீட்டில் எல்லாரும் நினைத்திருக்க, பதிவில் பழைய புளோக்கே இருக்கும். ஈசூனிலிருந்து தெங்காவுக்கு ஜனவரி 25ஆம் தேதி குடிபோனவருக்கு அந்தக் கடிதம் பிப்ரவரி 3ஆம் தேதி கிடைத்திருந்தால், 2025இல் அவர் வாக்கு ஈசூன் முகவரிக்குரிய தொகுதியில்தான். பிறகு எத்தனை கெஞ்சினாலும் மாறாது.

இந்தக் கெடு நாள்தான் நம் முறையின் பெரிய குறை. பிப்ரவரி 2ஆம் தேதி 21 வயதை எட்டியவர் மே 3ஆம் தேதி வாக்களிக்க முடியவில்லை. அமெரிக்கச் சட்டமோ பதிவுக் கெடுவைத் தேர்தலுக்கு 30 நாளுக்கு மேல் முன்னதாக வைக்க விடுவதில்லை. ஒரே மூலத்தை எல்லாரும் நம்பியிருப்பதிலும் ஆபத்து உண்டு. பிறர் சார்பில் முகவரி மாற்றித் தரும் இணைய வசதி வழியாக, களவுபோன சிங்பாஸ் கணக்குகளைக் கொண்டு சிலருடைய முகவரிகளை மாற்றியது 2025 ஜனவரியில் வெளிவந்தது. சேவையையே நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. அதோடு, நாடு முழுக்க ஒரே அடையாளப் பதிவு இருக்கும் சிறிய நாட்டில் கைகூடுவது, அப்படி ஒரு பதிவே இல்லாத அமெரிக்காவில் கைகூடும் என்று நான் சொல்ல வரவில்லை. அங்கே முகப்பில் கேட்பதை விட்டால் பலருக்கு வேறு வழியே இல்லாமல் போகலாம்.

முகப்பு இங்கேயும் தேவைப்படும் இடம் ஒன்று உண்டு. கடந்த தேர்தலில் வாக்களிக்காதவர் பெயர் நீக்கப்படும்; அது தானாகத் திரும்பி வராது. சிங்பாஸ் பயன்படுத்துகிறவர் தேர்தல் துறையின் இணையப்பக்கத்தில் சில நிமிடங்களில் விண்ணப்பிக்கலாம். பிள்ளைகளின் தொலைபேசியை நம்பியிருக்கும் தாத்தா பாட்டிக்குச் சமூக மன்றமே சுகம். அடையாள அட்டையை எடுத்துப்போனால் போதும், பெயர் இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துச் சொல்வார்கள். உடல்நலக்குறைவு, பிரசவம், வெளிநாட்டில் வேலை அல்லது படிப்பு போன்ற தகுந்த காரணம் இருந்தால் கட்டணமில்லை; இல்லாவிட்டால் 50 வெள்ளி. தேர்தல் ஆணை வந்த பிறகு விண்ணப்பித்துப் பயனில்லை. 2025இல் அது ஏப்ரல் 15ஆம் தேதி வந்தது. அதற்குப் பிறகு மன்றத்துக்குப் போனவர் வாக்களிப்பு முடியும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.