செங்கல் சூளையா, ஃபைபர் சூளையா? பெங்களூரில் கண்ணாடி உருக்குபவர்களுக்காக

கண்ணாடியைச் சூளையில் வைத்து உருக்கி ஒட்டும் வேலையைச் சொந்தமாகத் தொடங்க நினைப்பவர்கள் முதலில் மாட்டிக்கொள்ளும் கேள்வி, சூளையின் உட்சுவர் எதனால் ஆனதாக இருக்க வேண்டும் என்பதுதான். சூட்டைத் தடுக்கும் லேசான இன்சுலேஷன் செங்கல் அடுக்கிக் கட்டியதா, பஞ்சு போன்ற, சூடு தாங்கும் செராமிக் ஃபைபர் பதித்ததா? இரண்டுமே 1260 டிகிரி செல்சியஸ் தரத்தில் எளிதாகக் கிடைக்கின்றன. கண்ணாடி வேலைக்குப் பெரும்பாலும் 850 டிகிரியைத் தாண்டவேண்டிய அவசியமே இல்லை. ஆகவே எது அதிகச் சூடு தாங்கும் என்று கடை கடையாக விசாரிப்பது வீண். நான் செங்கலை வாங்கினேன். அல்சூரில் மாடி அறை ஒன்றில் அது ஓடிக்கொண்டிருக்கிறது. இந்த அலசலும் செங்கல் பக்கம் சாய்ந்துதான் இருக்கும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

ஃபைபரின் நிறைகள் வெளிப்படையானவை. எடை குறைவு, சீக்கிரம் சூடேறும், மின்செலவும் குறைவு. பீன்யாவில் சூளை செய்து தரும் பட்டறைக்குப் போனபோது அங்கிருந்த தமிழ்க்காரர், "அக்கா, செங்கல் என்றால் நான்கு பேர் வேண்டும், மாடிப்படித் திருப்பத்தில் உயிர் போய்விடும். ஃபைபர் என்றால் நானும் தம்பியும் தூக்கிக்கொண்டு வந்துவிடுவோம்" என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. செங்கல் தன்னையே சூடாக்கிக்கொள்ள நிறைய மின்சாரம் தின்னும். உள்ளளவு 18 அங்குலச் சதுரம் கொண்ட என் சூளை 4.5 கிலோவாட், ஏறக்குறைய 20 ஆம்பியர் இழுக்கிறது. வீட்டில் கீசருக்கு இருக்கும் 16 ஆம்பியர் பிளக் இதற்குப் போதாது. மீட்டர் பலகையிலிருந்து 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் தனி லைன், 25 ஆம்பியர் எம்சிபி (மின்சாரம் மிகுந்தால் தானே துண்டிக்கும் சுவிட்ச்), சரியான எர்த் என்று எலக்ட்ரீஷியனுக்கும் ஒரு தொகை எடுத்து வைக்கவேண்டும். அதே அளவு ஃபைபர் சூளை 3.5 கிலோவாட்டில் வேலையை முடித்து அந்த 16 ஆம்பியர் பிளக்கிலேயே அடங்கிவிடும். சுவரைத் தொடவிடாத வீட்டுக்காரரிடம் குடியிருப்பவர்களுக்கு இது ஒன்றே முடிவைத் தீர்த்துவிடலாம்.

அப்படியிருந்தும் நான் செங்கலுக்குப் போனதற்குக் காரணம் மின்வெட்டு.

கண்ணாடி வேலையில் உருகுவது சுலபமான பகுதி, ஆறுவதுதான் கஷ்டமான பகுதி. உருகிய துண்டு ஆறும்போது மேற்பரப்பு முதலில் இறுகி, நடுப்பகுதி இன்னும் சூடாக இருந்தால், இரண்டும் வெவ்வேறு அளவில் சுருங்கி உள்ளே இழுவிசை தங்கிவிடும். இதைத் தவிர்க்கத்தான் அனீலிங். போர்ட்லாந்தில் இருக்கும் புல்ஸ்ஐ நிறுவனத்தின் கண்ணாடிக்கு 482 டிகிரியில் நிறுத்திவைத்து, துண்டு முழுவதும் ஒரே சூட்டுக்கு வந்தபின் மெல்ல இறக்கவேண்டும். அவர்களுடைய அட்டவணையில் 12 மில்லிமீட்டர் கனத்துக்கு 2 மணி நேரம் நிறுத்தம். பிறகு 427 டிகிரி வரை மணிக்கு 55 டிகிரி இறக்கம். கனம் 25 மில்லிமீட்டர் என்றால் 4 மணி நேரம் நிறுத்தம், மணிக்கு வெறும் 15 டிகிரி. கனம் இரட்டித்தால் ஆற்றும் வேகம் கிட்டத்தட்ட நான்கில் ஒன்றாகிவிடுகிறது. சாதாரண ஜன்னல் கண்ணாடிக்கு இந்தக் கட்டம் இன்னும் மேலே, 550 டிகிரியை ஒட்டித் தொடங்கும்.

இப்போது ஏப்ரல் மாத மாலை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். மாம்பழ மழை கொட்டுகிறது, எங்கோ ஒரு குல்மோகர் கிளை கம்பியில் விழுகிறது, தெருவே இருட்டாகிறது. வீட்டு இன்வர்ட்டரால் 4 கிலோவாட் சூளையை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. அடுக்ககத்தில் ஜெனரேட்டர் இருந்தாலும் அது ஒவ்வொரு வீட்டுக்கும் கொடுப்பது விளக்குக்கும் ஃப்ரிட்ஜுக்கும்தான். ஆகவே கரண்ட் போன நிமிடத்திலிருந்து சூளையின் சுவர்தான் துண்டைக் காப்பாற்ற வேண்டும். என் சூளையில் நாலரை அங்குலச் செங்கலுக்குப் பின்னால் ஒரு சுற்று ஃபைபர் பிளாங்கெட்டும் (போர்வை போன்ற விரிப்பு) உண்டு. 480 டிகிரியில் மின்சாரத்தை நிறுத்தி, மூடியைத் திறக்காமல் விட்டால், முதல் ஒரு மணி நேரத்தில் 70 டிகிரிக்கு மேல் இறங்குவதில்லை. தோழி ஒருத்தியின் ஃபைபர் சூளையில் அதே சோதனையைச் செய்து பார்த்தபோது அதே நேரத்தில் 200 டிகிரிக்கும் மேல் இறங்கிவிட்டது. அவளுடையது மெல்லிய சுவர். இன்னும் தடித்த ஃபைபர் போட்டால் இடைவெளி குறையும், மறையாது. ஃபைபரில் சூட்டைப் பிடித்துவைக்க எடையே இல்லை. அதன் பலமும் பலவீனமும் அதுதான்.

எண்களைச் சேர்த்துப் பாருங்கள். 12 மில்லிமீட்டர் துண்டுக்கு 55 சொல்லியிருக்கும் இடத்தில் செங்கல் 70 கொடுக்கிறது. கொஞ்சம் வேகம்தான், ஆனாலும் பிழைத்துவிடும். 200 என்றால் அந்த 55-ஐப் போல் கிட்டத்தட்ட நான்கு மடங்கு. 25 மில்லிமீட்டர் பாளமாக இருந்தால் செங்கலையும் நம்பக்கூடாது. அதற்கு மழைக்காலத்தில் சூளையை மூட்டாமல் இருப்பதே நல்லது. மெல்லிய காதணிகளையும் 6 மில்லிமீட்டர் கோஸ்டர்களையும் மட்டும் செய்பவருக்கு ஃபைபரிலும் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. இடையில் இருப்பவர்கள், அதாவது கிண்ணங்கள், தடித்த தட்டுகள், சுவர்ப் பலகைகள் செய்பவர்கள்தான் யோசிக்கவேண்டும்.

துண்டு தப்பியதா என்று பார்க்கக் கருவி வாங்கத் தேவையில்லை. எல்சிடி மானிட்டரில் வெறும் வெள்ளைத் திரையை வைத்து, போலரைஸ்டு கூலிங் கிளாஸ் வழியாகப் பாருங்கள். கூலிங் கிளாஸை மெல்லத் திருப்பினால் ஒரு கோணத்தில் திரை இருண்டுவிடும். அந்த நிலையில் இரண்டுக்கும் நடுவே கண்ணாடித் துண்டைப் பிடியுங்கள். நன்றாக ஆறிய துண்டு இருட்டிலேயே கிடக்கும். இழுவிசை தங்கிய இடங்கள், குறிப்பாக மூலைகளும் இரண்டு நிறங்கள் சேரும் ஓரங்களும், வெளிறி ஒளிரும். ஒளிர்ந்தால் பதறவேண்டாம், உடையாமல் இருக்கும் துண்டை மெல்லச் சூடேற்றி மறுபடி அனீல் செய்துவிடலாம். ஆனால் அந்த ஒளிர்வு சுருங்கும் அளவு ஒத்துப்போகாத, சேர்க்கக்கூடாத இரண்டு கண்ணாடிகளைச் சேர்த்ததால் வந்தது என்றால் எத்தனை முறை ஆற்றினாலும் போகாது.

மின்சாரம் போகும் நேரமும் முக்கியம். 800 டிகிரியில் போனால் எந்தச் சூளையாக இருந்தாலும் பிரச்சினை இல்லை. வந்ததும் திரும்ப ஏற்றிக்கொள்ளலாம். 370 டிகிரிக்குக் கீழே போனாலும் மெல்லிய துண்டுகளுக்குக் கவலை குறைவு. நடுவில், ஏறக்குறைய 520-லிருந்து 370 வரை இருக்கும் அந்த 150 டிகிரிதான் எமகண்டம்.

செங்கலின் குறையையும் சொல்லியாக வேண்டும். உச்சச் சூட்டிலிருந்து அனீலிங் கட்டத்துக்கு இறங்கும்போது கண்ணாடியை வேகமாகத்தான் இறக்கவேண்டும். 750, 700 என்ற பகுதியில் நேரம் கழித்தால் மேற்பரப்பில் படிகம் படிந்து வெண்மையாக மங்கிவிடும். ஜன்னல் கண்ணாடிக்கு இந்த வியாதி அதிகம். ஸ்ரீபெரும்புதூரில் தயாராகி நம் கடைகளுக்கு வரும் ஃப்ளோட் கண்ணாடியின் வெட்டுத்துண்டுகள் மலிவாகக் கிடைப்பதால் நாம் பழகுவது அதில்தான். மங்கலில் சிக்குவதும் அதில்தான். ஃபைபர் சூளை இந்தப் பகுதியைத் தானாகவே விரைந்து கடந்துவிடும். செங்கல் சூளையில் மூடியை ஒரு அங்குலம் தூக்கி வெப்பத்தை வெளியேற்ற வேண்டியிருக்கிறது. மின்சாரத்தை அணைத்துவிட்டு, தோல் கையுறையும் சிவந்த வெளிச்சத்தைத் தடுக்கும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு செய்யவேண்டிய வேலை அது. ஒரு நாளில் இரண்டு முறை சூளை போடுவதும் செங்கலில் நடக்காது. மறுநாள் காலையில்கூட உள்ளே கதகதப்பாக இருக்கும்.

பராமரிப்பில் இரண்டும் ஏறக்குறையச் சமம். செங்கல் பொடி உதிர்ந்து கண்ணாடியில் ஒட்டும். ஒவ்வொரு முறையும் மூடியின் அடிப்பக்கத்தை வேக்குவம் கிளீனரால் துடைத்தெடுக்கவேண்டும். ஃபைபரில் தூசி இன்னும் நுண்ணியது, மூச்சில் போகக்கூடியது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இந்த இழைகளைப் புற்றுநோய் ஏற்படுத்தும் சாத்தியம் உள்ளவை என்ற 2பி பிரிவில் வைத்திருக்கிறது. மேலே ரிஜிடைசர் என்ற இறுக்கும் திரவம் பூசியிருந்தால் தூசி குறையும், ஆனாலும் உள்ளே கைவைக்கும்போது முகமூடி அவசியம். சூடேற்றும் காயில் இரண்டிலும் கந்தால் என்ற உலோகக் கலவைக் கம்பிதான். ஒருமுறை சூடேறிய கந்தால் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். குளிர்ந்த நிலையில் வளைத்தால் முறிந்துவிடும். செங்கல் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும் காயிலை நீங்களே கழற்றி மாற்றலாம். ஃபைபருக்குள் புதைத்து வார்த்த காயில் போனால் பலகையையே மாற்றவேண்டும். குவார்ட்ஸ் குழாயில் தொங்கும் வகை என்றால் அந்தத் தொல்லை இல்லை. ஃபைபர் எத்தனை வருடம் தாங்கும் என்பதில் என் அனுபவம் தோழியின் சூளையோடு முடிகிறது. அது இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது.

விற்பனை மதிப்பு என்று பார்த்தால், 1200 டிகிரிக்கு மேல் போகும் செங்கல் சூளையை மட்பாண்டம் செய்பவர்களும் வாங்குவார்கள். பெங்களூரில் அவர்களுக்குப் பஞ்சமில்லை. மூடியில் மட்டும் காயில் வைத்த கண்ணாடிச் சூளைக்கு, அது செங்கலோ ஃபைபரோ, இன்னொரு கண்ணாடிக்காரர்தான் கிடைக்கவேண்டும்.

எதை வாங்கினாலும் பணம் கொடுப்பதற்கு முன், சூட்டைப் படிப்படியாக ஏற்றி இறக்கும் கன்ட்ரோலரைப் பற்றி ஒன்று கேளுங்கள்: மின்சாரம் திரும்பி வந்ததும் அது என்ன செய்யும்? சில கருவிகள் முதல் படியிலிருந்து தொடங்கி, ஆறிக்கொண்டிருக்கும் துண்டை மறுபடி 800 டிகிரிக்கு ஏற்றிவிடும். கிண்ணமாக வளைத்தது அச்சுக்குள் வழிந்து கிடக்கும். சில அப்படியே நின்றுவிடும். விட்ட படியிலிருந்து தொடரும் வசதி இருந்தால் அதை முதல் நாளே அமைத்துக்கொண்டு, வெறும் சூளையை ஓட்டி, நடுவில் எம்சிபியை இறக்கி ஏற்றிச் சோதித்துப் பாருங்கள்.