யாஷின் 19: காத்தான்குடியில் வாங்கிய ஓர் ஐஸ் ஹொக்கி ஜேர்சி

காத்தான்குடியில், வெளிநாடுகளிலிருந்து வரும் பாவித்த உடுப்புகளை விற்கும் கடையொன்றில் 1,800 ரூபாவுக்கு வாங்கிய ஐஸ் ஹொக்கி ஜேர்சி ஒன்றைப் பற்றிய மதிப்புரை இது. கனடாவின் ஒட்டாவா செனட்டர்ஸ் அணியின் வெள்ளை ஜேர்சி. மார்பில் தலைக்கவசம் அணிந்த உரோமப் படைவீரனின் முகம், கைகளிலும் கீழ் விளிம்பிலும் கறுப்பும் சிவப்புமான பட்டிகள், முதுகில் 19 என்ற இலக்கம், அதற்கு மேலே யாஷின் என்ற பெயர். எங்கள் ஊர்க் கழகத்துக்கு உடுப்புத் தெரிவு செய்யும் பொறுப்பு சில வருடங்களாக என்னிடம் இருப்பதால், எந்த ஜேர்சியைக் கண்டாலும் உட்புறத்தைப் புரட்டித் தையலைப் பார்ப்பது என் வழக்கம். இதையும் தையலுக்காகவே வாங்கினேன். பெயர் யாருடையது என்பதை, படத்தை அனுப்பியதும் ஒட்டாவாவில் இருக்கும் என் சின்னம்மாவின் மகன் சொன்னான்: “அண்ணன், அந்தப் பேரோட இஞ்ச ஒருத்தரும் அத வெளிய போட்டுட்டுப் போகமாட்டாங்க.”

முதலில் துணி. சிறு துளைகளுள்ள வலைபோல நெய்யப்பட்ட தடித்த பொலியெஸ்டர். தோளிலும் முழங்கையிலும் இரட்டை மடிப்பு. ஐஸ் ஹொக்கி ஆடுபவர்கள் உள்ளே தோட்கவசமும் முழங்கைக் கவசமும் அணிவதால் அவற்றுக்கு மேலே விழும்படி அகலமாக வெட்டியிருக்கிறார்கள். வழமையாக எடுக்கும் அளவில் எடுத்தால் கை விரல்நுனி வரை வந்துவிடும். மட்டக்களப்பின் சித்திரை வெயிலில் இதை அணிந்து மைதானத்தில் நிற்க முடியாது. ஆனால் கார்த்திகை, மார்கழி அடைமழைக் காலத்தில் மாலைப் பயிற்சிக்கு இதைவிட வசதியான உடுப்பை நான் அணிந்ததில்லை, ஏனெனில் நனைந்தாலும் உடம்போடு ஒட்டாது, வீட்டுக்குள் கொடியில் போட்டாலே காலைக்குள் காய்ந்துவிடும். மார்பிலுள்ள சின்னம் அச்சு அல்ல. வெவ்வேறு நிறத் துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, விளிம்பெல்லாம் நெருக்கமாகச் சிக்ஸாக் தையல் ஓட்டியிருக்கிறார்கள். இத்தனை காலம் பாவிக்கப்பட்டும் ஒரு நூல்கூடப் பிரியவில்லை. நாங்கள் இங்கே செய்விக்கும் ஜேர்சிகளின் இறப்பர் அச்சு மூன்று மாதத்தில் வெடித்து, ஆறு மாதத்தில் உரிந்துவிடுவதை நினைக்கும்போது இந்த வேலையை மனதாரப் பாராட்டத்தான் வேண்டும்.

ஆட்டக்காரர்கள் அணியும் ஜேர்சியின் பின்பக்க உட்புறத்தில், களுசானோடு இணைத்துக் கட்டுவதற்கு ஒரு பட்டி தைத்திருப்பார்கள். கைகலப்பில் எதிராளி ஜேர்சியைத் தலைக்கு மேலாக இழுத்துவிடாமல் காப்பது அதன் வேலை. என்னிடமுள்ள ஜேர்சியில் அந்தப் பட்டி இல்லை. அப்படியென்றால் இது இரசிகர் ஒருவருக்காகவே தைக்கப்பட்டது. இன்னொரு விடயம், பெயர் நேரடியாக ஜேர்சியின் மேல் தைக்கப்படவில்லை. தனியான வெள்ளைத் துணிப்பட்டி ஒன்றில் எழுத்துகளைத் தைத்து, அந்தப் பட்டியைத் தோளுக்குக் கீழே நான்கு பக்கமும் தையல் போட்டுப் பொருத்தியிருக்கிறார்கள். ஆட்டக்காரர் அணி மாறினால் பட்டியைக் கழற்றிவிட்டு இன்னொருவரின் பெயரைப் பொருத்தலாம். தொழில்முறை அணிகளுக்கு வசதியான ஏற்பாடுதான். ஆனால் அதே ஜேர்சியைக் கைக்காசு கொடுத்து வாங்கிய இரசிகருக்கு அந்தப் பெயர் கழற்றி மாட்டும் பட்டியாக இருந்திருக்காது.

அலெக்சி யாஷின் 1973 இல், அப்போது ஸ்வெர்ட்லோவ்ஸ்க் எனப்பட்ட ரஷ்ய நகரில் பிறந்தவர். ஒட்டாவா அணி வட அமெரிக்காவின் தேசிய ஹொக்கி லீக்கில் புதிதாகச் சேர்ந்த 1992 ஆம் ஆண்டில், இளம் வீரர்களைத் தெரிவு செய்யும் நிகழ்வில், ஒட்டுமொத்தத்தில் இரண்டாவதாக எடுக்கப்பட்டார். அந்த அணி எடுத்த முதலாவது பெயரே அவருடையது. ஆடத் தொடங்கிய 1993–94 பருவகாலத்திலேயே 30 கோல்கள் அடித்தார். அணி அடுத்தடுத்துத் தோற்றுக்கொண்டிருந்தபோதும், அந்த நகரத்து மக்கள் இலக்கம் 19 ஐப் பார்க்கவென்றே அரங்குக்குப் போனார்கள். 1998–99 இல் அணித்தலைவராக 44 கோல்களும் 50 கோல் உதவிகளும் பெற்று, லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹார்ட் விருதின் இறுதிப் பட்டியலுக்கும் வந்தார். பெரிய உடம்பு, வேகத்தைக் குறைக்காமலே மணிக்கட்டைத் திருப்பி அடிக்கும் அடி, எதிராளியை முதுகில் சுமந்துகொண்டே இறப்பர் வட்டைக் காக்கும் பலம் என்று தம்பி சொல்லச் சொல்ல, பழைய ஒளிப்பதிவுகளைத் தேடிப் பார்த்தேன். அவருடைய திறமையைக் குறைத்துப் பேச எவராலும் முடியாது.

அதே 1999 வசந்தகால இறுதிச் சுற்றுகளில் பஃபலோ அணி ஒட்டாவாவை நான்குக்குப் பூச்சியம் என்று வென்று வெளியேற்றியபோது, அந்த நான்கு ஆட்டங்களிலும் யாஷினுக்கு ஒரு கோலோ ஒரு கோல் உதவியோ கிடைக்கவில்லை. இரசிகர்கள் அதைப் பொறுத்துக்கொண்டார்கள். தோல்விக்காக ஒருவரை வெறுக்கும் கூட்டம் அல்ல அது. பொறுக்க முடியாமற் போனது அதன் பின்னர் நடந்ததைத்தான். ஒப்பந்தத்தில் இன்னும் ஒரு பருவகாலம் எஞ்சியிருந்தது, அதற்கான சம்பளம் 3.6 மில்லியன் அமெரிக்க டொலர். அதைத் திருத்தித் தந்தாலொழிய ஆடமாட்டேன் என்று அவர் வீட்டில் இருந்துவிட்டார். முன்னரும், 1995–96 பருவகாலத்தின் தொடக்கத்தில், சம்பளப் பிணக்கினால் ஆடாமல் இருந்தவர் அவர். இம்முறை அணியும் அசையவில்லை. தலைவர் பதவியைப் பறித்து டானியல் அல்ஃபிரெட்சனிடம் கொடுத்தது, 1999–2000 பருவகாலம் முழுவதும் அவர் இல்லாமலே ஆடியது. பருவகால நுழைவுச்சீட்டு வாங்கியிருந்த இரசிகர் ஒருவர் நீதிமன்றம் வரை போனார். இறுதியில், ஆடாத வருடத்தை ஒப்பந்தத்தில் கழிக்க முடியாது, அதை ஆடித்தான் தீர்க்க வேண்டும் என்று, ஒப்பந்தப் பிணக்கை விசாரித்த நடுத்தீர்ப்பாளர் தீர்ப்பளித்தார்.

ஆட்டக்காரரின் பக்கத்து நியாயத்தையும் சொல்லாமல் விடக் கூடாது. ஒரு விளையாட்டு வீரர் உழைக்கும் காலம் குறுகியது. ஒரு முழங்கால் காயத்தோடு எல்லாம் முடிந்துவிடலாம். கழக உரிமையாளர் விரும்பினால் வீரரைக் கேட்காமலே ஒரே இரவில் இன்னொரு நகரத்துக்கு மாற்றிவிடுகிறார், அப்போது எவரும் அவரைச் சுயநலக்காரர் என்பதில்லை. அதிக சம்பளம் கேட்டது குற்றமல்ல என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கையெழுத்திட்ட ஒப்பந்தம் இடையில் நின்றபோது தண்டிக்கப்பட்டவர்கள் உரிமையாளர்கள் மட்டுமல்லர். நகரத்துக்கு வெளியே கனாட்டாவிலிருக்கும் அரங்குக்குப் பனியில் பேருந்து பிடித்துப் போன மக்களும் அதற்கு விலை கொடுத்தார்கள். என் சின்னப்பா இரவு வேலை செய்து சேர்த்த காசில் பிள்ளைகளை வருடத்தில் ஓர் ஆட்டத்துக்குக் கூட்டிச்செல்வாராம். அந்த ஒரு நாளுக்காக வருடம் முழுவதும் காத்திருந்த பிள்ளைகளிடம், இந்த வருடம் யாஷின் ஆடமாட்டார் என்பதைச் சின்னம்மாதான் சொல்ல வேண்டியிருந்ததாம்.

2000 ஆம் ஆண்டு அவர் திரும்பி வந்தபோது சொந்த அரங்கிலேயே கூச்சலிட்டு எதிர்த்தார்கள். அந்தப் பருவகாலத்திலும் 40 கோல்கள் அடித்தார். வட்டு அவரிடம் போனதும் ஊளையிட்ட அதே ஆட்கள், அது வலைக்குள் போனதும் எழுந்து கைதட்டிவிட்டு, பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்ததைத் தம்பி கண்டிருக்கிறான். என்னை அதிகம் வருத்தியது இதுதான். தன் மகிழ்ச்சியையே நம்ப முடியாத நிலைக்கு ஓர் ஆட்டக்காரர் தன் இரசிகரைக் கொண்டுவந்துவிட்டால், பின்னர் எத்தனை கோல் அடித்தும் அந்த உறவைச் சரிசெய்ய முடியாது. அந்தப் பருவகாலத்தின் முடிவில், 2001 வசந்தகால இறுதிச் சுற்றுகளில் ரொறன்ரோவிடம் மறுபடியும் நான்குக்குப் பூச்சியம் என்று தோற்றபோது யாஷினுக்கு ஒரு கோலும் இல்லை. 2001 ஜூனில் நியூயோர்க் ஐலண்டர்ஸ் அணிக்கு மாற்றப்பட்டு, 10 வருடங்களுக்கு 87.5 மில்லியன் டொலர் ஒப்பந்தம் பெற்றார். 2007 இல் அந்த அணியே மீதிக் காலத்துக்கு ஒரு தொகையைக் கொடுத்து அவரை விடுவித்தது. 2001 இல் அவருக்கு மாற்றீடாக ஒட்டாவாவுக்குக் கிடைத்தவர்களில் ஆறடி ஒன்பது அங்குல உயரமான ஸ்டெனோ சாராவும், ஐலண்டர்ஸ் விட்டுக்கொடுத்த இளம் வீரர் தெரிவு உரிமையைக் கொண்டு எடுக்கப்பட்ட ஜேசன் ஸ்பெசாவும் அடங்குவர். யாஷின் அதன் பின்னர் ஒட்டாவாவுக்கு ஆட வந்தபோதெல்லாம் கூச்சல் அடங்கவில்லை.

தம்பியின் வீட்டில் இன்னொரு ஜேர்சி இருக்கிறது, அல்ஃபிரெட்சன் 11. அவர் 1994 இல் 133 ஆவது ஆளாகத் தெரிவு செய்யப்பட்டவர், வரும்போது எவரும் கவனிக்காதவர். 1999 முதல் 2013 வரை தலைவராக இருந்தார். அவரும் 2013 இல் பிணங்கிக்கொண்டு டெட்ரோயிட் அணிக்குப் போனார்; ஒட்டாவா அழுதது, கோபித்தது. ஆனாலும் அடுத்த வருடம் ஒரு நாள் ஒப்பந்தத்தோடு திரும்பி வந்து ஒட்டாவாக்காரராகவே ஓய்வு பெற்றார். 2016 இல் அவருடைய இலக்கத்தை அரங்கின் கூரையில் ஏற்றினார்கள். போனவர் என்பதற்காக மட்டும் இரசிகர்கள் ஒருவரை வெறுப்பதில்லை என்பதற்கு இது போதும்.

இந்தப் பெயரின் கதையை இங்கே இவ்வளவு விரிவாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. ஜேர்சியின் முதுகில் பெயர் போடும் ஆசை இப்போது எங்கள் ஊர்களிலும் பரவியிருக்கிறது. சில வருடங்களுக்கு முன் எங்கள் பிரதேசத்தில் அபாரமாக ஆடிய உதைபந்தாட்ட வீரர் ஒருவரின் பெயரைச் சிறுவர்கள் தங்கள் சொந்தக் காசில் அச்சிட்டு அணிந்தார்கள். இறுதி ஆட்டத்தன்று, பேசியதற்கு மேலாகப் பணம் வந்தாலன்றி மோட்டார் சைக்கிளை விட்டு இறங்கமாட்டேன் என்று அவர் மைதான வாசலிலேயே நின்றார். உழவு இயந்திரப் பெட்டியில் ஏறி வந்திருந்த சனம் முழுவதும் அதைப் பார்த்தது. மறுவாரம் ஒரு சிறுவன் தன் ரீசேட்டைக் கொண்டுவந்து அந்தப் பெயரை மட்டும் எடுத்துத் தர முடியுமா என்று என்னிடம் கேட்டான். சூடாக்கி ஒட்டிய அச்சு அது. கடதாசி வைத்து இஸ்திரிக்கைப் பெட்டியால் அழுத்தி உரித்தோம். எழுத்துப் போனது, எழுத்தின் தடம் துணியில் அப்படியே நின்றது. அவன் அதை மீண்டும் அணிந்து நான் காணவில்லை.

மட்டக்களப்பு வெபர் மைதானத்துக்குப் பெயர் தந்த அமெரிக்க இயேசு சபைத் துறவி வெபர் அடிகளார், புனித மிக்கேல் கல்லூரிப் பிள்ளைகளை மைதானத்தில் வளர்த்தெடுத்தவர். அவருடைய பெயரை எவரும் காசு கொடுத்து முதுகில் ஒட்டிக்கொள்ளவில்லை. ஆடித் திரிந்தவர்களும் பார்த்து நின்றவர்களும் அந்தப் பெயரை இன்றும் சொல்கிறார்கள்.

ஆகவே என் மதிப்பீடு இது. உடுப்பு என்ற வகையில் இந்த ஜேர்சிக்குப் பத்துக்கு ஒன்பது கொடுப்பேன். வெயிலுக்கு ஆகாது என்பதற்காக ஒன்றைக் குறைக்கிறேன். வாங்குபவர்கள் தங்கள் அளவைவிட ஒன்றோ இரண்டோ குறைத்து எடுக்க வேண்டும், உட்புறத்தைப் புரட்டிச் சின்னத்தின் தையல் ஓட்டம் முழுமையாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், குளிர்ந்த தண்ணீரில் உள்ளே வெளியாகத் திருப்பித் தோய்க்க வேண்டும். கிணற்று நீரில் துரு இருந்தால் வெள்ளை நிறம் பழுப்பாகும். கடையில் கறுப்பு இருந்தால் அதை எடுங்கள். பெயருக்கு நான் மதிப்பெண் கொடுக்கவில்லை. பட்டியின் தையலைச் சவர அலகால் நூல் நூலாக வெட்டி, ஒரு மணி நேரத்தில் கழற்றி எடுத்துவிட்டேன். ஊசித் துளைகள் இரண்டு தோய்ப்போடு பெரும்பாலும் மூடிக்கொண்டன, இலக்கம் 19 இருக்கிறது.

இவ்வருடம் கழகத்துக்கான ஜேர்சிகளை இதையே மாதிரியாகக் காட்டித் தைக்கக் கொடுத்திருக்கிறேன். மார்பில் கழகச் சின்னம் தையலில், முதுகில் இலக்கம் மட்டும். தையலுக்காக ஒரு ஜேர்சிக்கு 300 ரூபா கூடுதலாகக் கேட்டார்கள், அந்தப் பணத்தை நிர்வாகக் குழு ஏற்றுக்கொண்டது. முதுகில் பெயர் வேண்டுமென்று கேட்ட இரண்டு பேரிடமும் கழற்றிய பட்டியைக் காட்டி, யாஷினின் கதையை முழுவதுமாகச் சொன்னேன். ஒருவன் ஒத்துக்கொண்டான். மற்றவன் தன் தந்தையின் பெயரைப் போடலாமா என்று கேட்டிருக்கிறான். அதற்கு இன்னும் நாங்கள் முடிவு சொல்லவில்லை.