138,000 ரூபாய்க்கு வந்த 2 கோர் பெட்டி: வன்னி ஆட்களே, கவனம்!

கொழும்பில் இருந்து ஒன்லைனில் மினி பிசி (கைக்கடக்கமான சின்னக் கணினி) விற்கும் ஒரு கடையிடம் 138,000 ரூபாயைப் பறிகொடுத்துவிட்டு எழுதுகிறேன். கை இன்னும் பதறுகிறது.

கிளிநொச்சியில் வீட்டில் இருந்தபடி சி++ மொழியில் மென்பொருள் எழுதும் வேலை செய்கிறேன். எழுதியதைக் கொம்பைல் செய்து, ஓடக்கூடிய மென்பொருளாக மாற்றும் முழு பில்டுக்குப் பழைய லப்டொப்பில் 40 நிமிடம். அம்மா படுக்கும் அறையில்தான் என் மேசையும். அதனால் சின்னதாக, சத்தமில்லாததாக, கொம்பைல் வேகமாக ஓடுவதாக ஒன்று தேடினேன். விளம்பரத்தில் ரைசன் 7 5800எச் சிப், 8 கோர் (சிப்பில் கணக்குப் போடும் பகுதிகள்), 16 திரெட் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலைகள்), 32 ஜிபி ரம் என்று இருந்தது. டாஸ்க் மனேஜரில் 16 கட்டமும் ஓடுவதை வீடியோ எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பினார் கடைக்காரர். "தம்பி, நானும் முல்லைத்தீவுப் பக்கம்தான். எங்கட ஆக்களை ஏமாத்துவனோ?" என்றார். அதைக் கேட்ட பிறகு என்ன சந்தேகம் வரும்? அன்றைக்கே 138,000 ரூபாயும் அவர் கணக்குக்குப் போனது.

வந்த பெட்டியில் ரைசன் ஸ்டிக்கர் பளபளத்தது. லினக்ஸ் போட்டு, சிப் விபரம் காட்டும் எல்எஸ்சிபியூ கட்டளையை அடித்தால் இன்டெல் ஐ7-6500யூ! 2015இல் வந்த சிப், 2 கோர், 4 திரெட். ரம் 8 ஜிபி. பில்ட் 37 நிமிடம், அதுவும் காற்றாடி நெல்லு மில் மாதிரி இரைய இரைய.

எடுத்துக் கேட்டால், "பயோஸ் அப்டேட் செய்யுங்கோ, பெயர் சரியாக் காட்டும்" என்றார். பயோஸ் என்பது கணினியைத் தொடக்கிவிடும் மென்பொருள், எதைப் போட்டால் 2 கோர் 8 ஆகும்? அப்புறம், "ஐ7 எண்டாலும் 7 தானே தம்பி." பிறகு சீல் உடைந்துவிட்டதாம், உத்தரவாதம் இல்லையாம். கடைசியாக எடுத்தபோது, "நீங்கள் ஆர்?" இப்போது நம்பரையே தடுத்து வைத்திருக்கிறார்.

எதைப் பார்த்து வாங்குவது என்று விரிவாக எழுதத்தான் இருந்தேன், இப்போது பொறுமை இல்லை. 7 என்ற இலக்கத்தை நம்பாதீர்கள், முழு மொடல் இலக்கத்தைக் கேட்டுக் கோர் எண்ணிக்கையைத் தேடிப் பாருங்கள். கடைக்காரர் அனுப்பும் வீடியோ உங்களுக்காகவே எடுத்தது என்று தெரிய, அதில் உங்கள் பெயர் எழுதிய துண்டும் தெரிய வேண்டும். மொடல் இலக்கம் எச் என்று முடியும் வகை சிப் சின்னப் பெட்டிக்குள் சூடாகும், நம் வெயிலுக்குச் சத்தமும் போடும், யூ என்று முடியும் வகை பொதுவாகப் பரவாயில்லை. பொருள் கைக்கு வராமல் காசு போடாதீர்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் இலக்கம் 1977. நான் முறைப்பாடு கொடுத்துவிட்டேன்.

அதே விளம்பரம் இன்றைக்கும் ஓடுகிறது. விலையை 129,000 ஆகக் குறைத்திருக்கிறார்கள்.