மொட்டை மாடிக்கு அக்ரிலிக் வெள்ளைப் பூச்சு: எங்கே தாங்கும், எங்கே உரியும்

பெயின்ட் கடைகளில் 20 லிட்டர் வாளியில் விற்கிற வெள்ளை அக்ரிலிக் வாட்டர்ப்ரூஃப் பூச்சைப் பற்றியது இந்த மதிப்பீடு. வாளியின் மேல் எந்தக் கம்பெனிப் பெயர் இருந்தாலும் உள்ளே இருக்கும் சரக்கின் அடிப்படை ஒன்றுதான். தண்ணீரில் கலந்த அக்ரிலிக் பிசின், காய்ந்ததும் இழுத்தால் நீளும் தோலாக நிற்கும். பகல் வெயிலில் கான்கிரீட் விரிந்து ராத்திரி சுருங்கும்போது இதுவும் கூடவே போய் வந்து, மயிரிழை விரிசலை மூடியே வைத்திருக்கும். அதற்கு மேல் எதிர்பார்த்து வாங்குகிறவர்கள்தான் ஏமாறுகிறார்கள்.

முதல் குளறுபடி அளவில். "ஒரு வாளி ஆயிரம் சதுர அடிக்கு வரும்" என்று யாராவது சொன்னால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 லிட்டரை ஆயிரம் சதுர அடிக்கு இழுத்தால் ஈரத்தில் 0.2 மில்லிமீட்டர் கனம்தான் வரும். தண்ணீர் ஆவியானபின் அதில் பாதி, ஒரு ஜெராக்ஸ் தாளின் கனம். ஐப்பசி, கார்த்திகை மழை இரண்டைக்கூட அது தாங்காது. இரண்டு கோட்டும் சேர்த்து ஒரு வாளிக்கு 400 சதுர அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஃபைபர் வலை வைத்து மூன்று கோட் அடிப்பதானால் 300. அளவை நீட்டத் தண்ணீர் ஊற்றுவது நம் ஊரில் சாதாரணம். எல்லாவற்றுக்கும் முன்னால் அடிக்கிற ப்ரைமர் கோட்டுக்கு மட்டும் வாளியில் எழுதியிருக்கிற அளவு தண்ணீர் சேர்க்கலாம். மேல் கோட்டுகளில் கம்பெனி சொன்னதைத் தாண்டி ஒரு சொம்பு கூடினாலும் நஷ்டம் கனத்துக்குத்தான்.

இரண்டாவது, தளம். ஏற்கெனவே அடித்து உரிந்த பூச்சு இருந்தால் ஒரு துண்டைக் கிழித்துத் திருப்பிப் பாருங்கள், காரணம் அதன் முதுகிலேயே இருக்கும். வெள்ளைப் பொடி ஒட்டியிருந்தால் அடியில் பழைய சுண்ணாம்போ தூசியோ இருந்திருக்கிறது. வெயிலுக்காகக் கிளிஞ்சல் சுண்ணாம்பில் ஃபெவிகால் கலந்து வருஷா வருஷம் அடிக்கிற மாடிகளில் இது நிச்சயம். சுண்ணாம்பை முழுக்கச் சுரண்டாமல் மேலே அடித்தால் பூச்சு சுண்ணாம்பைத்தான் பிடிக்கும், தளத்தைப் பிடிக்காது. முதுகில் சாம்பல் நிறச் சிமென்ட் பெயர்ந்து வந்திருந்தால் மேல்தளமே பொரிந்துபோயிருக்கிறது, அதைக் கொத்தி எடுத்துப் புதுசாகப் பூச வேண்டும். கொப்புளமாக எழும்பி, கிழித்தால் உள்ளே ஈரம் கசிந்தால், ஈரத்தளத்தில் அடித்திருக்கிறார்கள்.

இந்தக் கடைசி ரகம்தான் தமிழ்நாட்டில் அதிகம். பழைய வீடுகளில் கான்கிரீட் தளத்துக்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டு, அதன்மேல் தட்டோடு பதித்திருப்பார்கள். ஓட்டின் இணைப்பு விட்டுப்போனால் மழைத் தண்ணீர் ஜல்லிக்குள் இறங்கி அங்கேயே தங்கிவிடும். மேலே ஓடு காய்ந்து சுடும், உள்ளே வாரக்கணக்கில் ஈரம் இருக்கும். அதை மேலே மூடிவிட்டால் வெயிலில் ஆவி கிளம்பிப் பூச்சைத் தூக்கும். தண்ணீர் இறங்கிய இடம் ஒன்று, கீழே கூரையில் சொட்டும் இடம் இன்னொன்று என்று அலைக்கழிப்பதும் இந்த ஜல்லித்தளம்தான். இப்படிப்பட்ட மாடிக்கு வெள்ளைப் பூச்சை முதல் மருந்தாக நாங்கள் சொல்லமாட்டோம். இணைப்புகளை 10 மில்லிமீட்டர் ஆழத்துக்குச் சுரண்டி, பாலிமர் (லேடெக்ஸ் போன்ற பிசின் திரவம்) கலந்த சிமென்ட் கலவையால் நிரப்புங்கள். ஒரு மழைக்காலம் பாருங்கள். நிறைய வீடுகளில் அதோடு ஒழுகல் நின்றுவிடும்.

ஈரம் இருக்கிறதா என்று பார்க்கக் கருவி வேண்டாம். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி பாலிதீன் தாளைத் தளத்தில் விரித்து நான்கு ஓரமும் டேப் போட்டு ஒட்டுங்கள். சாயங்காலம் ஒட்டினால் மறுநாள் காலை பத்து மணிவாக்கில் பார்க்கலாம். தாளின் அடியில் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்திருந்தாலோ, அந்த இடம் மட்டும் கருத்திருந்தாலோ வாளியைத் திறக்காதீர்கள். மார்ச் முதல் ஜூன் வரை இந்த வேலைக்கு ஏற்ற காலம். செப்டம்பர் கடைசியில் அலறிக்கொண்டு ஆள் தேடினால் ஈரத்தின் மேல்தான் அடிப்பார்கள். புதுக் கான்கிரீட் என்றால் 28 நாள் ஆன பிறகே.

மூன்றாவது, வாட்டம், அதாவது தண்ணீர் ஓடுவதற்கான சரிவு. தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் அக்ரிலிக் தோல் ஊறி, மெத்தென்று ஆகி, பிடி விடும். மாடியில் தண்ணீர் ஊற்றி, ஓடி முடிந்ததும் தேங்கிய இடங்களைச் சாக்பீஸால் வட்டம் போடுங்கள். பத்தடிக்கு ஒன்றரை முதல் இரண்டு அங்குலம் வாட்டம் இருந்தால் போதும். 500 சதுர அடிக்குக் குறைந்தது ஒரு நான்கு அங்குல மழைநீர்க் குழாயும் வேண்டும். பள்ளங்களைப் பாலிமர் கலவையால் நிரவிய பிறகே பூச்சு.

வேலை முறை இப்படி. பாசியை பிளீச்சிங் பவுடர் கரைசல் ஊற்றி ஊறவிட்டு, கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். ஆசிட் வேண்டாம், அதன் உப்பு தளத்தில் தங்கிப் பிடிப்பைக் கெடுக்கும். கண்ணுக்குத் தெரிகிற விரிசல்களை வி வடிவில் 5, 6 மில்லிமீட்டர் அகலமும் ஆழமுமாகத் திறந்து கிராக் ஃபில்லரால் அடைக்க வேண்டும். மேலோடு தேய்த்து மூடுவது கண்துடைப்பு. கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில்தான் பாதி வீடுகள் ஒழுகுகின்றன. அங்கே சிமென்ட் 5 கிலோ, லேடெக்ஸ் 1 கிலோ, மணல் 15 கிலோ என்ற கணக்கில் கலவை குழைத்து, மூலையைச் சரிவாக உருட்டிவிடுங்கள். கலவை ஆறிக் காய்ந்ததும் அந்த மூலை, குழாய் வாய், தண்ணீர்த் தொட்டியின் கால்கள் ஆகிய இடங்களில் முதல் கோட் ஈரமாக இருக்கும்போதே 45 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 45 கிராம் எடை) ஃபைபர் வலையை அழுத்திப் பதிக்க வேண்டும். பூச்சைக் கைப்பிடிச் சுவரிலும் ஓர் அடி உயரத்துக்கு ஏற்றுங்கள்.

முதல் கோட் கிழக்கு மேற்காக என்றால் அடுத்தது தெற்கு வடக்காக, இடையில் 4 முதல் 6 மணி நேரம். சித்திரை வெயிலில் உச்சிப் பொழுதில் அடித்தால் மேல் தோல் சட்டென்று காய்ந்து, ஊசிமுனை ஓட்டைகள் விழும். காலை 7 முதல் 10 வரை, இல்லையென்றால் மாலை 4 மணிக்கு மேல். முடித்து ஒரு வாரம் கழித்து, குழாய் வாயைத் துணி வைத்து அடைத்து, ஓர் அங்குலம் தண்ணீர் கட்டி 24 மணி நேரம் வையுங்கள். கீழே அறையில் டார்ச் அடித்துக் கூரையைப் பாருங்கள்.

வெயிலைத் திருப்புவதில் இந்தப் பூச்சுக்கு நல்ல மதிப்பெண். மாடிக்கு நேர் கீழ் அறையில் வித்தியாசம் தெரியும். ஆனால் தூசி படிந்து பழுப்பேறினால் அந்தப் பலன் குறைந்துவிடும், கோடைக்கு முன்னால் ஒருமுறை சோப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும். தினமும் நடமாட்டமும் பூந்தொட்டியும் உள்ள மாடியில் தேய்ந்துபோகும். தொட்டிகளைச் செங்கல் மேல் நேராக வைக்காமல் அடியில் ரப்பர் மேட் போடுங்கள். வற்றல், வடகம் காயவைப்பவர்கள் துணிக்கு அடியில் ஒரு தார்ப்பாய் விரிப்பது நல்லது, நாளாக ஆக இந்தப் பூச்சில் வெள்ளைத் தூள் உதிரும்.

மேலே டைல்ஸ் ஒட்டப் போகிறீர்கள் என்றால் இதை வாங்கவே வேண்டாம், கலவை இதில் பிடிக்காது. அதற்குப் பொடியும் திரவமுமாக இரண்டு பாகத்தில் வருகிற சிமென்ட் பாலிமர் பூச்சு இருக்கிறது. கழிவறைத் தளத்துக்கும் அதுவே. அக்ரிலிக்குக்கு நேர்மாறாக, அதற்குத் தளத்தை நனைத்து, தேங்கிய தண்ணீரைத் துடைத்துவிட்டு அடிக்க வேண்டும். திரவத்தில் பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு டிரில்லில் மெதுவாகக் கலக்கி, அரை மணிக்குள் தீர்க்கிற அளவே கலக்குங்கள். குடிநீர்த் தொட்டிக்குள் என்றால், குடிநீருக்கு ஏற்றது என்று சான்று உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும். சிமென்ட் மூட்டைக்கு 200 மில்லி கலக்கிற டாக்டர் ஃபிக்ஸிட் எல்டபிள்யூ பிளஸ் போன்ற திரவங்கள் வேறு ஜாதி. அவை கலவைக்குள் போகிறவை, மாடி மேல் ஊற்றித் தேய்த்தால் பயனில்லை.

கூரையில் கம்பி துருப்பிடித்துக் கான்கிரீட் பெயர்ந்திருந்தால் எந்த வாளியும் உதவாது, முதலில் பொறியாளரைக் கூப்பிடுங்கள். மழையே இல்லாத மே மாதத்திலும் கறை ஈரமாக இருந்தால் குற்றவாளி மாடி இல்லை, தண்ணீர்க் குழாயோ மேல்மாடிக் கழிவறையோ.

கான்ட்ராக்டரிடம் கொடுத்தால் சதுர அடி ரேட்டோடு எத்தனை லிட்டர், எத்தனை கோட், வலை எந்தெந்த இடத்தில் என்பதையும் எழுதி வாங்குங்கள். வாளிகளை உங்கள் முன் திறக்கச் சொல்லுங்கள், காலி வாளியை எண்ணிய பிறகே கடைசித் தவணை. வாளியில் அச்சடித்த வருடக் கணக்கு வாரண்டி, பெரும்பாலும் கம்பெனி அங்கீகரித்த ஆள் கம்பெனி சொன்ன முறையில் அடித்தால்தான் செல்லும், அதைக் கடையிலேயே கேட்டுவிடுங்கள். மீந்த சரக்கைச் சின்ன டப்பாவில் விளிம்பு வரை ஊற்றி இறுக மூடி நிழலில் வைத்தால், அடுத்த ஆகஸ்டில் குழாய் வாயைச் சுற்றி ஒரு கோட் அடிக்க உதவும்.