செர்பிய மொழி: முதலில் லத்தீன் எழுத்தா, சிரிலிக்கா?

செர்பியத் தலைநகர் பெல்கிரேடில் குடியேறும் அமெரிக்கர்கள் பலரும் முதலில் குழம்புவது இங்கேதான். செர்பிய மொழியை ஆங்கிலம் போன்ற லத்தீன் எழுத்திலும், ரஷ்ய மொழி போன்ற சிரிலிக் எழுத்திலும் எழுதுவார்கள். இரண்டிலும் 30 எழுத்துகள், ஒலிக்கு ஓர் எழுத்து (லத்தீனின் இரட்டை எழுத்தும் ஒன்றாகவே கணக்கு).

கற்க: லத்தீனில் குறியிட்ட ஐந்தும் இரட்டை எழுத்து மூன்றும்தான் புதுசு. சிரிலிக்குக்குத் தினமும் கொஞ்சம் எழுதிப் பழகணும்.

தடுமாற்றம்: லத்தீன் 'ஜே'யை 'ய' என்றும் 'சி'யை 'ட்ஸ' என்றும் படிக்கணும். சிரிலிக்கில் ஆங்கில 'ஹெச்' வடிவம் 'ன', 'சி' வடிவம் 'ஸ'. கையெழுத்தில் 'த', ஆங்கிலச் சிறிய 'எம்'மைத் தலைகீழாக்கி மேலே ஒரு கோடு போட்ட மாதிரி இருக்கும். கதவில் ஒட்டிய துண்டுச்சீட்டைத் தப்பாகப் படிப்பது இதனால்தான்.

பயன்: குறுஞ்செய்தி, கடைப்பலகை பெரும்பாலும் லத்தீன். அரசு ஆவணங்களுக்கு சிரிலிக். 2006 அரசமைப்பு அப்படித்தான் சொல்கிறது.

சில மாதம் தங்குபவருக்கு லத்தீன் போதும். குடியிருப்பு அனுமதி எடுப்பவர் சிரிலிக்கிலேயே தொடங்குங்கள். லத்தீன் பழகிவிட்டால் கண் அதையே தேடும். முதலில் அச்செழுத்து, பிறகு கையெழுத்து.