உள்ளறைக் காற்றும் தொடக்க வேதியியலும்: மூன்றாண்டுப் படிப்பனுபவம்

மன்னார்குடிக்கு அருகில் ஓர் அரிசி ஆலையில் கணக்கு எழுதும் நான் வணிகவியல் படித்தவள். வேதியியலைப் பத்தாம் வகுப்போடு விட்டவள். ஐப்பசி மழையில் வயல்களில் நீர் தேங்கிக் கொசு பெருகும்போதெல்லாம் என் மகளுக்கு இளைப்பு வரும். "ராத்திரி வீட்டுக்குள்ள என்ன புகையுது?" என்று மருத்துவர் கேட்டபோது, கொசுவர்த்திச் சுருள் என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. அந்தத் தவிப்பில்தான் உள்ளறைக் காற்றுத்தரம் குறித்து ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் இணையத்தில் நடத்திய பாடத்தில் பணம் கட்டிச் சேர்ந்தேன்.

சான்றிதழ் கிடைத்தது. ஆனால் இரண்டு மாதம் கழித்துக் குறிப்பேட்டைத் திறந்தபோது, மனப்பாடம் செய்த எண்களைத் தவிர அதில் எனக்குப் புரிந்தது மிகக் குறைவு. பி.எம். 2.5 எனப்படும், 2.5 மைக்ரோமீட்டருக்கு மேற்படாத நுண்துகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வகுத்த ஆண்டுச் சராசரி வரம்பு கனமீட்டருக்கு 5 மைக்ரோகிராம் என்பதும், இந்தியாவின் 2009-ஆம் ஆண்டுத் தரநிலை 40 என்பதும் நினைவில் இருந்தன. துகளை எடையில் சொல்பவர்கள் வாயுவை மட்டும் ஏன் பி.பி.எம்., அதாவது பத்து லட்சத்தில் இத்தனை பங்கு, என்று சொல்கிறார்கள் என்பது தெரியவில்லை. மூலக்கூறுகளை எண்ணும் அலகான மோல் என்ற கருத்தை அந்தப் பாடம் அரைப்பக்கத்தில் தாண்டிச் சென்றது. முன்னறிவு தேவையில்லை என்று அறிவித்துவிட்டு அப்படிச் செய்தது நியாயமில்லை என்றே இன்றும் கருதுகிறேன்.

ஆகவே பின்னோக்கிப் போனேன். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் இலவசமாகத் திறந்து வைத்துள்ள 5.111 என்ற முதலாண்டு வேதியியல் பாடத்தை, இரவில் மகள் தூங்கிய பின் ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொண்டு, ஓராண்டுக்கு மேல் எடுத்துப் படித்தேன். சான்றிதழ் கிடையாது, சந்தேகம் கேட்க ஆசிரியரும் கிடையாது. முப்பதுக்கும் மேற்பட்ட விரிவுரைகளும் விடையுடன் கூடிய பயிற்சிக் கணக்குகளும்தான் துணை. வேதிச் சமநிலையில் மட்டும் ஒரு மாதம் சிக்கி நின்றேன். எனினும், 25 டிகிரி வெப்பத்தில் ஒரு மோல் வாயு ஏறத்தாழ 24.5 லிட்டர் இடத்தை அடைக்கும், நம் சித்திரை வெயிலில் 35 டிகிரியில் அதுவே 25.3 லிட்டராகும் என்று கையால் போட்டுப் பார்த்த அன்று, பி.பி.எம். என்பது மூலக்கூறுகளின் எண்ணிக்கை விகிதம் என்பதும், அதை எடையாக மாற்ற வாயுவின் மூலக்கூறு எடை ஏன் வேண்டும் என்பதும் ஒருசேரத் தெளிந்தன.

அதன்பின் காற்றுப் பாடத்தை மறுபடி முதலிலிருந்து படித்தேன். அது வேறு பாடமாகவே இருந்தது. பத்துக்குப் பத்து அறை, பத்தடி உயரம் என்றால் சுமார் 28 கனமீட்டர், அதாவது 28,000 லிட்டர் காற்று. தூங்கும் பெரியவர் ஒருவர் மணிக்குச் சுமார் 12 லிட்டர் கரியமில வாயுவை வெளிவிடுகிறார். இருவர் படுத்து, கதவும் சன்னலும் இறுகச் சாத்தியிருந்தால் மணிக்கு ஏறத்தாழ 850 பி.பி.எம். கூடும். வெளிக்காற்றில் இருப்பது 420-ஐ ஒட்டிய அளவு. அறைக்கு 1,000-ஐ எல்லையாக மியூனிக்கின் சுகாதார அறிஞர் பெட்டன்கோபர் 1858-லேயே முன்வைத்தார். அந்த அளவில் வாயு நஞ்சாகிவிடாது. காற்று மாறாமல் தேங்கி நிற்கிறது என்பதற்கு அது அடையாளம். தேங்கிய அந்தக் காற்றிலேதான் சுருளும் புகைகிறது. ஒரு சுருள் எரிந்து முடிந்தால் 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளியிடும் அளவுக்கு நுண்துகள் வரும் என்று 2003-இல் வெளியான ஓர் ஆய்வு கணித்தது. அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அளவுக் கருவி வாங்குவோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். விலை குறைந்த துகள்மானிகள் ஒளிச்சிதறலை வைத்து அளப்பதால், மார்கழிப் பனியில் ஈரம் ஏறிய துகள்களை மிகையாகக் காட்டும். கரியமில வாயுமானிகளில் பல, கடந்த சில நாட்களில் கண்ட மிகக் குறைந்த அளவையே வெளிக்காற்றின் அளவாக எடுத்துக்கொண்டு தம்மைத் திருத்திக்கொள்ளும். என் கருவி எந்நேரமும் பூட்டிய அறையிலேயே இருந்ததால், முதல் சில மாதங்கள் குறைத்தே காட்டிற்று. வாரம் ஒருமுறை திண்ணையில் வைத்து எடுக்கத் தொடங்கிய பிறகே சரியானது.

காற்றுப் பாடத்தின் பெருங்குறை எடுத்துக்காட்டுகளில் இருக்கிறது. அத்தனையும் குளிர்நாட்டு வீடுகள்: கணப்பு, தரைவிரிப்பு, அடைத்த சன்னல். விறகடுப்புப் புகையை 1980-களின் தொடக்கத்திலேயே குஜராத் கிராமங்களில் அளந்த கிர்க் ஸ்மித்தின் பணிக்கு ஒரே ஒரு பத்திதான். முற்றம் வைத்த எங்கள் பழைய ஓட்டு வீட்டில் சூடேறிய காற்று தானாக மேலே போய்விடும். அதை இடித்து நாங்கள் கட்டிய தளம் போட்ட வீட்டில் அதற்கு வழியில்லை. இந்த ஒப்பீட்டை நானேதான் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. அடுக்களையில் விறகு வேண்டாம் என்று அத்தையிடம் சொல்வதற்கும் அந்தக் கணக்குதான் உதவியது. நெல் அவிப்பதை மட்டும் கொல்லைக்கு மாற்றச் சம்மதித்தார்கள்.

சேர நினைப்பவர்கள் வேதியியலை முதலில் முடியுங்கள். முழுவதும் முடியாவிட்டால் வாயுக்கள், வினைவேகம் ஆகிய பகுதிகளையாவது. எங்கள் படுக்கையறையின் இரண்டு சன்னல்களுக்கும் கொசுவலை அடித்தாகிவிட்டது. சுருள் ஏற்றுவதில்லை. சென்ற ஐப்பசியில் இளைப்பு ஒருமுறை வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு நான்கு முறை.