தோட்டத்து வேலிக்குக் கல்லுக்கால்: நட்டு நான்கு வருடம் ஆன பிறகு எழுதுகிறேன்

தாராபுரத்துக்கும் காங்கயத்துக்கும் நடுவில் எங்களுக்கு 3 ஏக்கர் மேட்டாங்காடு. 2021இல் அதைச் சுற்றிக் கல்லுக்கால் நட்டுக் கம்பி இழுத்தேன். வேலி போட நினைக்கிறவர்கள் என்னிடம் கேட்கிற முதல் கேள்வியே மரமா, சிமெண்டா, கல்லா என்பதுதான். மூன்றையும் பார்த்துவிட்டேன், அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

முதலில் மரம். சவுக்குக் கம்பு மலிவாகக் கிடைக்கும், ஆனால் நட்ட இரண்டாவது மழைக்கே ஆட்டம் கண்டுவிடும். அடியோடு பிடுங்கிப் பார்த்தால் மண்ணுக்குள் இருக்கிற பகுதியும் மேலே இருக்கிற பகுதியும் ஓரளவு நன்றாகவே இருக்கும், மண்மட்டத்தில் ஈரமும் காற்றும் சேர்கிற அந்த அரையடிதான் நைந்துபோயிருக்கும், மிச்சத்தைக் கரையான் பார்த்துக்கொள்ளும். இதைத் தடுக்க அடியில் தார் பூசுகிறார்கள், வேஸ்ட் ஆயிலில் ஊறவைக்கிறார்கள், குழிக்குள் கரையான் மருந்தை ஊற்றுகிறார்கள். எங்கள் வேலியிலிருந்து கிணறு 30 அடிகூட இருக்காது, மாடு நாள் முழுக்க அந்தக் கம்பத்தில்தான் உரசிக்கொண்டு நிற்கும், எனக்கு மனசு ஒப்பவில்லை. கெமிக்கல் ஏற்றிய மரம் என்று பண்ணை வீடுகளுக்கு விற்கிறார்களே, அதில் ஒரு வகை செம்பு, குரோமியம், ஆர்செனிக் கலந்த கரைசலை அழுத்தத்தில் ஏற்றியது. அமெரிக்காவில் வீட்டு உபயோகத்துக்கு அதை 2003 கடைசியோடு நிறுத்திவிட்டார்கள். வாங்குவதாக இருந்தால் என்ன மருந்து ஏற்றியது என்று கேட்காமல் வாங்காதீர்கள். மருந்தே இல்லாமல் நிற்கக்கூடிய மரம் என்றால் வைரம் பாய்ந்த பனை, ஆனால் பனையை வெட்ட இப்போது கலெக்டர் அனுமதி வேண்டும், வெட்டவும் கூடாது என்பதுதான் என் எண்ணம்.

சிமெண்ட் கால் பழைய வேலியில் இருந்தது. 6 வருடத்தில் மேலிருந்து கீழாக விரிசல் விட்டது. உள்ளே கம்பி துருப்பிடித்தால் வீங்கும், வீங்கினால் சிமெண்டைப் பிளந்துகொண்டு வெளியே வரும், அவ்வளவுதான் காரணம். உடைந்த ஒன்றைத் தட்டிப் பார்த்தேன், சுண்டுவிரல் கனம்கூட இல்லாத இரண்டே கம்பி, அதுவும் ஓரத்தோடு ஓரமாக. நல்ல கம்பி வைத்து, நன்றாகத் தண்ணீர் விட்டு ஆறப்போட்ட கால் நிற்கும், மறுக்கவில்லை. ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்பது வாங்குகிறவனுக்குத் தெரியாது. கல்லில் அந்தப் பிரச்சினை கிடையாது, உள்ளே இருப்பதும் கல்தான்.

அதற்காகக் கல் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று அர்த்தமில்லை. கல் பாரம் தாங்கும், வளைவு தாங்காது. கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால் கம்பியை முறுக்கி இழுக்கிற அன்றைக்கே இரண்டாகிவிடும். கல் உடைக்கிற இடத்தில் ஒரு பெரியவர் சின்னச் சுத்தியலை என் கையில் கொடுத்து, "ஒவ்வொண்ணாத் தட்டிப் பாருங்க. மணியாட்டங் கேக்கோணும். ஓட்டப் பானையாட்டங் கேட்டா ஓரமா எடுத்து வெச்சிருங்க" என்றார். முதல் பத்துக் கல்லில் எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. பதினோராவதோ பன்னிரண்டாவதோ கல்லில் ணங் என்று வராமல் டொக் என்றது. பெரியவர் வந்து தண்ணீரை ஊற்றித் துடைத்தார். மேலே காய்ந்துபோன பிறகும் ஒரே ஒரு கோட்டில் மட்டும் ஈரம் நூல் மாதிரி நின்றது. அதுதான் கீறல். அதற்குப் பிறகு காது பழகிவிட்டது. அரை நாள் போனது, 14 கல்லைக் கழித்தேன்.

நான் வாங்கியது 7 அடிக் கல், 4க்கு 5 அங்குலம். ஒன்று 70, 75 கிலோ வரும். 10 அடிக்கு ஒரு கால், சுற்றளவு 1,600 அடி, அதற்கு 160. மூலைகளுக்கும் நடுநடுவேயும் முட்டுக்கொடுக்க 20. ஆக 180 கல், கிட்டத்தட்ட 13 டன். விலை சிமெண்ட் காலைப் போல ஒன்றரை மடங்கு ஆனது, வண்டி வாடகையும் இறக்குகூலியும் தனி. பேரம் பேசும்போதே இறக்குவதையும் சேர்த்துப் பேசிவிடுங்கள். எனக்கு வந்த முதல் லோடை டிப்பரைத் தூக்கி அப்படியே சரித்துவிட்டார்கள், தட்டித் தட்டிப் பொறுக்கிய கல்லில் 7 உடைந்தது. மாற்றிக் கொடுக்கச் சொன்னதற்கு, லோடு கிளம்பிய பிறகு தங்கள் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டார்கள். இரண்டாவது லோடு வந்தபோது நானே நின்று ஆள் வைத்து இறக்கினேன், ஒன்றுகூடப் போகவில்லை. அந்த லோடில் அடிப்பக்கம் மூன்றரை அங்குலம் இருந்த கல்லும் கலந்து வந்தது, அவற்றை முட்டுக்கு ஒதுக்கிவிட்டேன். அளவு நாடா கையில் இருக்கட்டும்.

கம்பி கோக்கத் துளை போட்டுத் தருவார்கள். துளை ஓரத்துக்கு நெருக்கமாக இருந்தால் தெறித்துவிடும், நடுவில் இருக்க வேண்டும். எனக்கு நட்ட பிறகு உடைந்த 3 கல்லும் துளை இருந்த இடத்தில்தான் உடைந்தது. இன்னொரு தடவை போட்டால் துளையே இல்லாமல் கட்டுக்கம்பியால் சுற்றிக் கட்டிவிடுவேன்.

2 அடிக் குழி போதும். எங்களுடையது சுக்காம்பாறை கலந்த செம்மண், கல் சில்லும் மண்ணும் மாற்றி மாற்றிப் போட்டுக் கடப்பாரையால் இடித்ததே இறுகிவிட்டது. மூலைக்கல்லுக்கு மட்டும் கான்கிரீட். கரிசல் மண் என்றால் இது சரிவராது, மழைக்கு உப்பி வெயிலுக்கு வெடிக்கிற மண்ணில் கல் சாயும், அங்கே இன்னும் ஆழம் வேண்டும், எல்லாக் குழிக்கும் கான்கிரீட் வேண்டும்.

துளையில் உடைந்த அந்த மூன்றைத் தவிர, நான்கு வருடத்தில் கல் அப்படியே இருக்கிறது. கம்பிதான் முடிச்சுப் போட்ட இடங்களில் செம்மை தட்ட ஆரம்பித்திருக்கிறது. கல் என் பேரன் காலம் வரை நிற்கும், கம்பி நிற்காது. அதனால்தான் கம்பியை ஒட்டி உள்பக்கம் கிளுவைக் குச்சி நட்டுக்கொண்டு வருகிறேன். காங்கயம் மாடு மேய்கிற கொறங்காடுகளுக்கெல்லாம் எங்கள் பக்கம் கிளுவைதான் வேலி, முள் இருக்கும், வறட்சிக்கு அசையாது, வளர வளர ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும், கௌதாரி வந்து அடையும். ஆனால் முதல் இரண்டு மூன்று வருடம் ஆடு கடிக்காமல் காப்பாற்ற வேண்டும், அந்தக் காவலுக்குத்தான் கல்லும் கம்பியும். கிழக்குப் பக்கம் இப்போது மூன்றாவது கம்பி வரைக்கும் ஏறிவிட்டது. மேற்கே ஒரு 60 அடியை வெள்ளாடு மொட்டையடித்துவிட்டது, அதற்குக் குச்சி வெட்டி நிழலில் போட்டிருக்கிறேன், மழை இறங்கினால் நட வேண்டும்.